மரத்திலிருந்து இறங்க எந்தக் கருவி? கனகபுராத் தோப்புக்கு ஒரு பதில்

உங்கள் கேள்வியை மற்றவர்களும் புரிந்துகொள்ளும்படி முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். பெங்களூரு ஒயிட்ஃபீல்டில் வசிக்கிறீர்கள். கனகபுராவுக்கு அப்பால் உங்கள் மாமனாருடைய தோப்பு இருக்கிறது. அங்குள்ள மா, புளி, பலா மரங்களில் பத்து மீட்டர் உயரத்தில் அமர்ந்து பறவைகளைப் படமெடுக்க விரும்புகிறீர்கள். அமெரிக்காவில் மிச்சிகனில் இருக்கும் உங்கள் அண்ணன், அங்கே வில்லெடுத்து மான் வேட்டைக்குப் போகிறவர்கள் இடுப்பில் கட்டிக்கொண்டு மரத்தில் தொங்கும் ‘சேடில்’ ஒன்றையும், 9 மி.மீ. கயிறு ஒன்றையும், எட்டு வடிவ அலுமினிய வளையம் ஒன்றையும் கொடுத்தனுப்பியிருக்கிறார். ஏறுவதற்கு வழி கண்டுவிட்டீர்கள். இறங்குவதற்கு அந்த எட்டு வளையமே போதுமா, கிரிகிரி வாங்க வேண்டுமா, அல்லது உயரக் கட்டடங்களில் வேலை செய்பவர்கள் வைத்திருக்கும் ரிக், ஐடி போன்ற பெரிய கருவிகள்தான் தேவையா என்று கேட்டிருக்கிறீர்கள். உங்கள் எடை 82 கிலோ.

விடையை முதலில் சொல்கிறேன்: எட்டு வளையத்தை ஒதுக்கிவிடுங்கள், கிரிகிரி வகையைச் சேர்ந்த, கையை விட்டால் தானே கயிற்றை நெரித்துப் பிடிக்கும் கருவி ஒன்றையும், அதற்கேற்ற 10 அல்லது 10.5 மி.மீ. கயிறு ஒன்றையும் வாங்குங்கள். இந்த நகரத்தின் கண்ணாடிக் கட்டடங்களிலும் மரங்களிலும் கயிற்றில் தொங்கியே பதினைந்து ஆண்டுகளாகப் பிழைப்பு நடத்துகிறவன் என்ற முறையில், இந்த விடைக்கான காரணங்களைக் கொஞ்சம் நீளமாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. ஏனென்றால் காரணம் தெரியாமல் வாங்கும் கருவி, எட்டு வளையத்தைவிட ஆபத்தானது.

இறங்கு கருவி அமெரிக்க வேட்டைக்காரர்களிடம் ஏன் வந்தது என்பதிலிருந்து தொடங்குகிறேன். சேடிலில் ஏறுபவர்கள் முன்பெல்லாம் மூன்று நான்கு ஏணித் துண்டுகளை மரத்தோடு கட்டி ஏறி, அவற்றின் வழியே இருட்டில் காலால் துழாவி இறங்கினார்கள். பிறகு ஒரே ஒரு ஏணித் துண்டை மேலே மேலே நகர்த்திக் கட்டி ஏறும் முறை பரவியது. சுமை குறைந்தது, ஆனால் அதே முறையில் இறங்குவது தொல்லை என்பதால், உச்சியில் ஒரு கயிற்றை மரத்தைச் சுற்றிப் போட்டு அதில் வழுக்கி இறங்கி, கீழிருந்து மெல்லிய நூற்கயிற்றை இழுத்து அதைக் கழற்றிக்கொள்ளும் பழக்கம் வந்தது. ஆக, அவர்களுக்கு இறங்கு கருவி என்பது நாளுக்கு ஒரு முறை, எட்டு மீட்டருக்குள், கீழ்நோக்கி மட்டும் பயன்படும் ஒன்று. அதனால் எடை குறைவாக, சத்தம் போடாமல், மெல்லிய கயிற்றில் ஓடுவதாக இருக்க வேண்டும் என்று பார்க்கிறார்கள். நம் நாட்டில் 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்படி இன்று பொழுதுபோக்கு வேட்டை என்ற பேச்சுக்கே இடமில்லை. உங்கள் கையில் இருப்பது கேமரா. எனவே அவர்களுடைய தேவையை அப்படியே உங்கள் தேவையாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

உங்கள் தோப்பில் இரண்டு விருந்தாளிகளை நான் எதிர்பார்க்கிறேன். ஒன்று, மலைத்தேனீ. அது உயர்ந்த மரங்களின் கிளைக்கு அடியில் திறந்த அடை கட்டும். கலைந்தால் கூட்டமாகத் துரத்தும். அப்போது நீங்கள் வேகமாகக் கீழே வர வேண்டும். மற்றொன்று, யானை. பன்னேருகட்டா, காவிரிக் காடுகளின் ஓரத்தில் இருக்கும் கனகபுராப் பக்கம், பலா பழுக்கும் நாட்களில் அது தோப்புக்குள் வருவது புதிதல்ல. பாதி இறங்கிய நிலையில் கீழே யானை நின்றால், நீங்கள் கயிற்றிலேயே நிற்க வேண்டும். முடிந்தால் மறுபடி மேலே போக வேண்டும். கருவியை ஒவ்வொன்றாகப் பார்க்கும்போது இந்த இரண்டு நேரங்களையும் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். நிதானமாக, வெயிலில், நண்பர்கள் கீழே நின்று பார்த்துக்கொண்டிருக்கும்போது எந்தக் கருவியிலும் அழகாக இறங்கலாம்.

எட்டு வளையம் எளிமையானது, மலிவானது, சூட்டை நன்றாக வெளியேற்றுவது, கெட்டுப்போகக்கூடிய பகுதி எதுவும் இல்லாதது. குறை என்னவென்றால், அது பிடிப்பதில்லை. உங்கள் கைதான் பிடிக்கிறது. தேனீ கொட்டிய கை எதைப் பிடிக்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. மேலும் அது கயிற்றை முறுக்கிவிடும். அடுத்த முறை கயிறு சுருள் சுருளாக நிற்கும். இன்னொரு வினோதமும் உண்டு: சுமை ஒரு கணம் தளர்ந்தால், வளையத்தின் பின்னால் இருக்கும் கயிற்றுச் சுற்று மேலே ஏறி, வளையத்தை நெரிக்கும் முடிச்சாக மாறிவிடும். என் தொடக்க நாட்களில் ஒரு சில்வர் ஓக் மரத்தில் இறங்கும்போது, நடுவில் ஒரு கிளையில் கால் வைத்து நின்றுவிட்டு மறுபடி கயிற்றில் உட்கார்ந்தேன்; அவ்வளவுதான், பூட்டிக்கொண்டது. மேலேயும் போக முடியாமல் கீழேயும் வர முடியாமல், தொடை மரத்துப்போக, ஷூ லேஸ் அளவே பெரிதான ஒரு நூற்கயிற்றால், பெரிய கயிற்றைச் சுற்றி இறுகிப் பிடிக்கும் புரூசிக் முடிச்சுப் போட்டு அதில் கால் ஊன்றி எழுந்து அதை அவிழ்ப்பதற்குள் அரை மணி நேரம் ஆகிவிட்டது. மீட்புப் பணியாளர்களின் எட்டு வளையத்தில் இரண்டு பக்கமும் காது போல நீட்டிக்கொண்டிருப்பது இதைத் தடுக்கத்தான். உங்கள் அண்ணன் அனுப்பியதில் காது இல்லை என்று படத்தில் தெரிகிறது. காது இருந்தாலும், யானை நிற்கும்போது அதில் மேலே ஏறிப் போக வழியில்லை.

பிரான்சின் பெட்சல் நிறுவனம் 1991இல் வெளியிட்ட கிரிகிரி, பாறை ஏறுபவர்களுக்காக வந்தது. உள்ளே ஒரு சுழலும் கட்டை இருக்கிறது. கயிறு இழுபட்டதும் அது திரும்பிக் கயிற்றை நெரிக்கிறது. கைப்பிடியை இழுத்தால் நெரிப்பு தளர்ந்து இறங்குகிறோம். 2019இல் வந்த இப்போதைய வடிவம் 175 கிராம் எடை கொண்டது, 8.5 முதல் 11 மி.மீ. வரையிலான கயிற்றை ஏற்கிறது. மரத்துக்கு இது ஏன் பொருத்தம் என்றால், இறங்கும் கருவியே ஏறும் கருவியாகவும் ஆகிவிடுகிறது: அதற்கு மேலே கயிற்றில் ஒரு கைப்பிடி ஏற்றியை, நம் மலையேறிகள் ஜூமார் என்று அழைப்பதை, மாட்டி, அதிலிருந்து காலுக்கு ஒரு வளையம் தொங்கவிட்டு, எழுந்து எழுந்து தளர்ந்த கயிற்றைக் கிரிகிரியின் வழியே இழுத்துக்கொண்டே போனால், மெதுவாகவேனும் மேலே போய்விடலாம். பத்து மீட்டர் போவதற்குள் நாக்குத் தள்ளிவிடும் என்பது உண்மை. ஆனால் யானைக்கு எட்டாத உயரத்துக்குப் போக அவ்வளவு தேவையில்லை.

அதே நிறுவனத்தின் கிரிகிரி பிளஸ், மேட் ராக் நிறுவனத்தின் சேஃப்கார்ட் ஆகியவையும் இதே குடும்பம்தான். சேஃப்கார்ட் சிறியது, உறுதியானது. சேடில்காரர்களிடம் அதற்கு நல்ல பெயர் இருக்கிறது. கிரிகிரி பிளஸில், பதற்றத்தில் கைப்பிடியை எல்லை மீறி இழுத்தால் இறக்கம் நின்றுவிடும் ஏற்பாடு உண்டு. இங்கேதான் தேனீயும் யானையும் முரண்படுகின்றன. தேனீ துரத்தும்போது பதறி இழுப்பீர்கள், கருவி நின்றுவிடும், நடுவானில் கொட்டு வாங்குவீர்கள். கைப்பிடியை விட்டுவிட்டு மறுபடி மெதுவாக இழுத்தால் இறக்கம் தொடரும், ஆனால் அதை அந்த நேரத்தில் நினைவுகூர வேண்டும். எனக்குத் தெரிந்த நல்ல கயிற்றாட்கள் சிலர் இந்த ஏற்பாட்டை வெறுக்கிறார்கள். என் கருத்து வேறு: முதல் ஓராண்டுக்கு அது இருக்கட்டும். கொட்டு வாங்கியவர்கள் பெரும்பாலும் பிழைத்துக்கொள்கிறார்கள். பத்து மீட்டரைத் தடையில்லாமல் விழுந்து கடந்தவர்களைப் பற்றி அப்படிச் சொல்ல முடியாது. ஏறுவதற்கு முன் அடை இருக்கிறதா என்று கிளைகளுக்கு அடியில் தொலைநோக்கியால் ஒரு முறை பார்த்துவிட்டால், இந்த விவாதமே பெரும்பாலும் தேவைப்படாது.

ரிக், ஐடி ஆகியவை தொழிலுக்கானவை. (நம் பெங்களூரில் ஐடி என்றால் வேறு தொழில்தான் நினைவுக்கு வரும், நான் சொல்வது கருவியின் பெயர்.) இவை கயிற்றில் வேலை செய்வோருக்கான ஈஎன் 12841 என்ற ஐரோப்பியத் தரத்துக்கு உட்பட்டவை, கிரிகிரி விளையாட்டுக் கருவிகளுக்கான தரத்தில் வருகிறது. நீங்கள் கூலிக்கு மரம் ஏறுவதாக இருந்தால், அல்லது ஓர் ஆளை அனுப்பி ஏறவைப்பதாக இருந்தால், விவாதமே இல்லாமல் ரிக் வாங்கச் சொல்லியிருப்பேன். கைப்பிடியை விட்டதும் அது தானே பூட்டு நிலைக்குத் திரும்பும்; நாள் முழுவதும் தொங்கினாலும் கை வலிக்காது. ஆனால் இப்போதைய ரிக் 10.5 முதல் 11.5 மி.மீ. கயிற்றைத்தான் கேட்கிறது, கருவியே ஏறக்குறைய 400 கிராம். விடுமுறைக்கு விடுமுறை ஏறப்போகும் உங்களுக்கு இது பட்டுப்புடவை கட்டிக்கொண்டு பாத்திரம் தேய்ப்பது போன்றது.

மரம் ஏறிக் கிளை வெட்டும் தொழிலாளர்கள் பேசும் ரோப் ரெஞ்ச், ரோப் ரன்னர், ஜிக்ஜாக் பற்றியும் படித்திருப்பீர்கள். கார்ல் புரூசிக் என்ற ஆஸ்திரியர் 1931இல் அறிமுகப்படுத்திய உராய்வு முடிச்சின் வம்சத்தில் வந்தவை இவை. ஒரே கயிற்றில் முழு எடையையும் வெறும் முடிச்சு தாங்கினால் அது இறுகிக் கருகிவிடும். அதனால் கெவின் பிங்கம், முடிச்சுக்கு மேலே கயிற்றைச் சற்று வளைத்து உராய்வில் பாதியை ஏற்றுக்கொள்ளும் ரோப் ரெஞ்சைச் செய்தார். கிளைக்குக் கிளை நடந்து கவாத்து செய்பவருக்கு இவை வரம். ஒரே இடத்தில் உட்காரும் உங்களுக்கு வேண்டாம்.

இப்போது சூட்டுக்கு வருவோம். இதில் பலர் ஏமாந்துபோகிறார்கள். நீங்களும் உங்கள் கேமராப் பையும் சேர்ந்து 90 கிலோ என்று வைத்தால், பத்து மீட்டர் இறங்கும்போது சுமார் 8,800 ஜூல் ஆற்றல் உராய்வில் சூடாக மாறியாக வேண்டும். அது முழுவதும் கருவிக்குள்ளேயே போவதாகவும், கருவி முழுக்க அலுமினியம் என்றும் ஒரு தோராயக் கணக்குப் போட்டால், 100 கிராம் எட்டு வளையம் ஏறக்குறைய 100 டிகிரியும், 175 கிராம் கருவி 55 டிகிரியும், 400 கிராம் கருவி 25 டிகிரியும் சூடேறும். உண்மையில் சூட்டில் பெரும்பங்கு ஓடும் கயிற்றிலும் காற்றிலும் கரைந்துவிடுகிறது. ஆகவே நைலான் கயிறு உருகும் 200 டிகிரிக்கு மேற்பட்ட நிலையைப் பத்து மீட்டரில் நீங்கள் தொடப்போவதில்லை. ஆனால் வேகமாக வந்து திடீரென்று நின்றால், சுட்ட உலோகம் கயிற்றின் ஒரே இடத்தில் உட்கார்ந்துவிடும். தரையைத் தொட்டதும் கருவியைக் கயிற்றிலிருந்து உடனே கழற்றுங்கள் என்று எங்கள் மேஸ்திரி திட்டித் திட்டிச் சொன்னதன் காரணம் இதுதான். டைனீமா என்ற பெயரில் விற்கும் மெல்லிய வெள்ளைக் கயிறு 150 டிகிரிக்குள்ளேயே உருகிவிடும். அதில் உராய்வு முடிச்சுப் போடாதீர்கள்.

கயிற்றின் தடிமன்தான் கருவியின் நடத்தையைத் தீர்மானிக்கிறது என்பதால், கருவியையும் கயிற்றையும் தனித்தனியாக வாங்கும் எண்ணத்தை விடுங்கள். உங்கள் 9 மி.மீ. கயிறு கிரிகிரியின் எல்லைக்குள் இருக்கிறது. ஆனால் புதிய, வழுவழுப்பான மெல்லிய கயிற்றில் கைப்பிடியை மயிரிழை அசைத்தாலும் சர்ரென்று போகும். 10.5இல் அதே கைப்பிடி மெதுவாகப் பேசும். ஈஎன் 1891 ஏ வகை என்று முத்திரையிட்ட, அதிகம் நீளாத கயிற்றைத் தேடுங்கள். அந்த வகைக் கயிறு குறைந்தது 22 கிலோநியூட்டன், அதாவது ஏறக்குறைய 2,200 கிலோ இழுவையைத் தாங்க வேண்டும் என்பது விதி. பாறை ஏறுபவர்களின் மீள்தன்மையுள்ள கயிறு இங்கே உதவாது. அதில் ஏறினால் ஊஞ்சலாடிக்கொண்டே இருப்பீர்கள். இருபது மீட்டர் கயிறு சுமார் 1.4 கிலோ எடை வரும். மழையில் நனைந்த நைலான் சற்றுப் பருத்து, வலிமையில் ஒரு பங்கையும் இழக்கும். பெங்களூரின் மே மாத மாலை மழையில் மாட்டிக்கொண்டால் நிழலில் உலர்த்தி எடுத்துவையுங்கள். எஸ்.ஜே.பி. ரோட்டில் மீட்டர் கணக்கில் விற்கும் கயிறும் டி ஷாக்கிளும் தார்ப்பாய் கட்டுவதற்கு மிகவும் நல்லவை. மனிதருக்கு வேண்டாம்.

கருவியைவிட, கயிற்றை மரத்தில் கட்டும் இடம் முக்கியம் என்பதை இந்த இடத்தில் சொல்லாமல் போக முடியாது. கிளையின் மேலாகக் கயிற்றைப் போட்டு, மறுமுனையை அடிமரத்தில் கட்டி, இந்தப் பக்கம் நீங்கள் தொங்கினால், கிளைமேல் விழும் சுமை 90 கிலோ அல்ல, ஏறக்குறைய 180 கிலோ. இரண்டு பக்கக் கயிறுகளும் சேர்ந்து அதைக் கீழே இழுக்கின்றன. கயிற்றை மேலேயே தண்டைச் சுற்றிக் கட்டினால் உங்கள் எடை மட்டுமே விழும். புளியங்கொம்பைப் பிடித்தவன் என்று நம்மவர்கள் சும்மா சொல்லவில்லை; உங்கள் தோப்பிலுள்ள புளிய மரத்தையே தேர்ந்தெடுங்கள். மாமரத்தில் உயிருள்ள, தொடை அளவு தண்டாகப் பாருங்கள். நகரத்துக்குள் எங்கு பார்த்தாலும் சிவந்து பூத்துக் கிடக்கும் குல்மோகர் என்கிற செம்மயிற்கொன்றை மழைக்கு முன்பே முறிந்து விழும் மரம்; சில்வர் ஓக்கும் வளைந்துகொடுக்காது, ஒடியும். முருங்கையில் ஏறும் வேலையை வேதாளத்திடமே விட்டுவிடலாம்.

சேடிலில் உட்கார்ந்திருப்பவருக்கு மட்டும் உரிய ஓர் ஆபத்தைக் கருவி விற்பவர்கள் யாரும் சொல்வதில்லை. பாறையில் இறங்குபவருக்கு முன்னால் வெட்டவெளி இருக்கிறது; சேடில்காரரின் வயிற்றுக்கும் மரத்துக்கும் நடுவே ஒரு முழம்கூட இருப்பதில்லை. கருவி தண்டோடு சாய்ந்து அழுந்தினால், கைப்பிடி பட்டையில் மாட்டித் திறந்தே நிற்கலாம், அல்லது உள்ளிருக்கும் கட்டை சுழல முடியாமல் போகலாம். இரண்டிலும் கருவி பிடிக்காது. ஆகவே கருவி மாட்டும் இடத்தைச் சேடிலின் முன்பக்க வார் வளையத்தில் சற்று உயரத்தில், முகத்துக்கு எதிராக வரும்படி வைத்து, காலை மரத்தில் ஊன்றி உடம்பைப் பின்னால் தள்ளிக்கொண்டு இறங்குங்கள். மரத்தோடு கட்டிய கால் பலகையில் நின்றுகொண்டு கயிறு தளர்ந்திருக்கும்போது கிரிகிரி முழுமையாகப் பிடித்திருக்கிறது என்று நம்பாதீர்கள். சுமை வந்தால்தான் அது பிடிக்கும். இரண்டு கையையும் விட்டுக் கேமராவைத் தொடுவதற்கு முன், கருவிக்குக் கீழே கயிற்றில் ஒரு தடுப்பு முடிச்சுப் போட்டுவிடுங்கள். கயிற்றின் அடிமுனையிலும் முடிச்சு நிரந்தரமாக இருக்கட்டும். தரையைத் தொடாத கயிறுதான் அனுபவசாலிகளைக்கூட ஏமாற்றுகிறது.

கயிற்றைக் கருவிக்குள் தலைகீழாகப் போடுவதும் நடக்கக்கூடியதுதான். அப்படிப் போட்டால் கருவி பார்ப்பதற்கு ஒழுங்காக மூடிக்கொள்ளும், பிடிக்க மட்டும் செய்யாது. அதனால், உங்களை மரத்தோடு பிணைத்திருக்கும் டெதர் என்ற குட்டைக் கயிறு இன்னும் உங்களைத் தாங்கிக்கொண்டிருக்கும்போதே, கயிற்றில் எடையைப் போட்டு, இரண்டு அங்குலம் இறங்கி, கைப்பிடியை விட்டுப் பாருங்கள். பிடித்த பிறகுதான் டெதரைக் கழற்ற வேண்டும். இதோடு, கருவிக்குக் கீழே, சேடிலின் தொடை வளையத்தோடு இணைத்த 6 அல்லது 7 மி.மீ. நூற்கயிற்றால் ஒரு உராய்வு முடிச்சும் போட்டுக்கொண்டால், தேனீக்கு இரண்டு கையையும் பறிகொடுத்தாலும் தரைக்கு மேல் தொங்கியாவது இருப்பீர்கள். கிரிகிரி இருக்கும்போது இது மிகையென்று சிலர் சிரிப்பார்கள். சிரிக்கட்டும்.

முதல் பத்து முறையை மாமரத்தின் தாழ்ந்த கிளையில், பாதம் தரையிலிருந்து ஒரு மீட்டர் உயரத்தில் இருக்கும்படி, கண்ணை மூடிக்கொண்டு செய்து பாருங்கள். விடியலுக்கு முன்பும் அந்திக்குப் பின்பும்தான் நீங்கள் உண்மையில் ஏறி இறங்கப்போகிறீர்கள். கண்டீரவா விளையாட்டரங்கின் ஏறு சுவரிலோ ராமநகராப் பாறைகளிலோ பழகுபவர் யாராவது துணைக்குக் கிடைத்தால், நான் எழுதியிருக்கும் இவ்வளவையும் அவர் ஒரு காலைப்பொழுதில் கையால் காட்டிவிடுவார். முசுறு எறும்புக் கூடு இருக்கும் கிளையைப் பயிற்சிக்குத் தேர்ந்தெடுத்து நான் பட்ட பாட்டை நீங்கள் பட வேண்டாம்.

உங்கள் அண்ணன் டிசம்பரில் வருவதாக எழுதியிருக்கிறீர்கள். பெட்டியில் இடம் கொஞ்சம்தான் இருக்கும் என்றால், கருவியையும், மூன்று அசைவில் திறக்கும் பூட்டுள்ள இரண்டு காரபினர்களையும் (கொக்கி வளையங்களையும்) அவரிடம் சொல்லிவிடுங்கள். இணையத்தில் பாதி விலைக்கு வரும், ஈஎன் முத்திரையோ தொடர் எண்ணோ இல்லாத நகல்களை இங்கிருந்து வாங்காதீர்கள். கயிறு கனமானது, அதை இங்கேயே, தொழிற்பாதுகாப்புச் சாதனம் விற்கும் கடையில், முனையில் ஒட்டிய தரச்சீட்டைப் படித்துப் பார்த்து வாங்கிக்கொள்ளலாம். அவர் முன்பு அனுப்பிய 9 மி.மீ. கயிற்றைக் கேமராப் பையை மேலே இழுக்க வைத்துக்கொள்ளுங்கள். பை முதுகில் இல்லாவிட்டால் நீங்கள் 82 கிலோவோடு மட்டும் இறங்குவீர்கள்.